பத்தாயிரம் லிட்டர் பாதுகாப்பு

நெருக்கடியில் சிக்கிய மக்களைப் பல துறைகள் ஒன்றுகூடிக் காப்பது எப்படி என்று படிக்க யாரும் ஜெனிவாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் இறங்கி அன்னவாசல் ஒன்றியத்துக்கு வழி கேட்டால் போதும். முட்டுக்காடு ஊராட்சியில், இறையூரை ஒட்டி இருக்கிறது வேங்கைவயல். சுமார் முப்பது தலித் குடும்பங்கள். அவர்களுக்கென்று பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் ஒரு மேல்நிலைத் தொட்டி. பிள்ளைகள் அடுத்தடுத்துச் சுருண்டு விழ, ஆஸ்பத்திரியில் “தண்ணியைப் பாருங்க” என்றார்கள். 2022 டிசம்பர் 26 அன்று தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். குடித்துக்கொண்டிருந்த தண்ணீரில் மனித மலம் கிடந்தது.

அதன் பிறகு அரசு காட்டிய சுறுசுறுப்பைக் குறை சொல்ல முடியாது. மறுநாளே கலெக்டர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேயும் ஊருக்குள் நின்றார்கள். வந்த இடத்தில் மேலும் இரண்டு சங்கதிகள் வெளியே வந்தன. டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் இந்த மக்கள் கால் வைக்கக் கூடாது. கலெக்டரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார், கைதுகளும் நடந்தன. அந்த இரு அதிகாரிகளையும் நான் கேலி செய்யவில்லை. அவர்களுக்கு முன்னால் அந்த டீக்கடையைத் தாண்டிப் போன அத்தனை ஜீப்புகளைப் பற்றித்தான் கேட்கிறேன். வருவாய்த் துறை போயிருக்கும், வளர்ச்சித் துறை போயிருக்கும், காவல் துறை போயிருக்கும். ஒருவர் கண்ணிலுமா படவில்லை? குவளை இரண்டு என்று அரசாங்கம் எண்ணிப் பார்ப்பதற்கு, தொட்டியில் மலம் விழ வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் காப்பாற்றும் அமைப்புகளுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது, அதன் விதிகள் 1995இல். விதிப்படி முதலமைச்சர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு. ஆண்டுக்கு இரண்டு முறை கூட வேண்டும். கலெக்டர் தலைமையில் ஒரு குழு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். கோட்டத்துக்கு ஒரு குழு. எல்லாரையும் ஒருங்கிணைக்கத் தனி அதிகாரி. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள ஊர்களை முன்கூட்டியே கண்டறியும் கடமையும் உண்டு. தலித் மக்கள் குடிக்கும் தண்ணீரைக் கெடுப்பது வன்கொடுமை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு நம் ஊர் தெரிந்திருந்தது. ஊரில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

உலக அளவிலும் இந்த வித்தை உண்டு. 2005இல் ஐ.நா. நிவாரணப் பணிகளைத் துறைவாரியாகப் பிரித்தது. தண்ணீருக்கு யுனிசெஃப் பொறுப்பு, மக்கள் பாதுகாப்புக்கு அகதிகள் ஆணையம் பொறுப்பு. பேரிடரில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்று நிவாரண அமைப்புகளின் கையேடு அளவு சொல்கிறது. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகு 2008 செப்டம்பரில், இலங்கையில் போர் இறுகிய நேரத்தில், ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டுக் கிளம்பினார்கள். போக வேண்டாம் என்று வழிமறித்த தமிழர்கள் அங்கேயே நின்றார்கள். நடந்தது நிறுவனத்தின் தோல்வி என்று சார்லஸ் பெட்ரி தலைமையில் நடந்த ஐ.நா.வின் உள் ஆய்வே 2012இல் ஒப்புக்கொண்டது. சில இடங்களில் கறுப்படித்துத்தான் என்றாலும், அந்த அறிக்கை வெளியே வந்தது. புதுக்கோட்டைக் குழுவின் மினிட் புத்தகத்தை வேங்கைவயலில் யாராவது பார்த்ததுண்டா?

தொட்டிக்கு வருவோம். உள்ளூர் போலீஸ் விசாரித்தது. 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. வந்தது. மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் உயர் நீதிமன்றம் ஒரு நபர் ஆணையம் அமைத்தது. உண்மையறியும் குழுக்கள் வந்தன, கட்சிகள் வந்தன, கேமராக்கள் வந்தன. தொட்டியைச் சுற்றி நின்ற கூட்டம், அதில் தண்ணீர் குடித்த கூட்டத்தைவிடப் பெரிது. பிறகு மரபணுச் சோதனை என்றார்கள். ரத்தம் கொடு என்று அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே கேட்டார்கள். சிலர் மறுத்தார்கள், விவகாரம் நீதிமன்றம் ஏறியது. சிறுவர்களையும் ஊசிக்குக் கை நீட்ட வைத்தார்கள். மலத்தைக் குடிக்கக் கொடுத்த ஊர், அடுத்து ரத்தத்தையும் கேட்டது.

இத்தகைய வழக்கில் 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது விதி. சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்தது 2025 ஜனவரி 20 அன்று. கணக்குப் போட்டால் 756 நாள். அதில் இருந்த மூன்று பெயர்களும் வேங்கைவயல் தலித் இளைஞர்களுடையவை. ஊராட்சித் தலைவரின் கணவரைப் பழிவாங்கச் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பொய் என்று ஊர் கொதித்தது, சி.பி.ஐ. விசாரிக்கட்டும் என்று கட்சிகள் கேட்டன. வெளியாட்கள் உள்ளே வராதபடி வழியில் போலீஸ் நின்றது. பாதுகாப்பு என்றால் இதுதானோ என்னவோ. அடுத்த மாதமே வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சாதாரணக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்டவர்களும் பாதிக்கப்பட்டவர்களும் ஒரே சமூகம் என்றால் அந்தச் சட்டம் ஒட்டாது. மாவட்டக் கணக்கில் ஒரு வன்கொடுமை சுத்தமாகக் குறைந்தது.

அன்று தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு! “அப்பவே சொன்னேன், அவங்களே போட்டுக்கிட்டாங்க.” தொட்டி பற்றிக் கேட்டபோது வாயைத் திறக்காதவர்கள், குற்றப்பத்திரிகையைக் கேட்டதும் சட்ட நிபுணர்கள் ஆனார்கள். யார் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லட்டும். அந்த வேலை என்னுடையதல்ல. குற்றச்சாட்டு நிற்கட்டும், விழட்டும். இரண்டாவது குவளையைக் கடையில் தொங்கவிட்டது யார்? அய்யனார் வாசலை அடைத்தது யார்? அதற்கும் அந்த மூன்று பேர்தானா? அந்தக் குவளை எத்தனை காலம் தொங்கியதோ, அத்தனை காலத்துக்கும் சேர்த்து எந்த அதிகாரிக்காவது விளக்கம் கேட்டு ஒரு மெமோ போயிற்றா?

மாவட்டக் குழுவுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். காசு செலவில்லை, ஒருங்கிணைப்பும் தேவையில்லை. கூட்டம் நடந்த தேதி, வந்தவர்களின் பதவி, இரட்டைக் குவளை வைத்த கடைகளின் பட்டியல், தலித்துகளுக்குக் கதவடைத்த கோயில்களின் பட்டியல். இந்த நான்கையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். பட்டியல் காலி என்றால் காலி என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாளைக்கு ஒரு தொட்டியில் ஏதாவது மிதந்தால் யாரைப் பிடிப்பது என்று ஊருக்குத் தெரியும். அந்தக் கையெழுத்துக்குத் துணிவில்லாதவர்கள், வருகிற செப்டம்பர் 17 அன்று சமூகநீதி நாள் உறுதிமொழிக்குக் கையை நீட்ட வேண்டாம். சொன்ன பொய்கள் போதும்.