அடுத்த சீசன் எந்தப் பிளாட்பாரத்தில் வரும்?

அனுப்புநர்: கால்பந்து ஆடும் ஒரு பெண்ணின் சித்தி, செம்பூர், மும்பை.

பெறுநர்: அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், கால்பந்து மாளிகை, செக்டர் 19, துவாரகா, புது தில்லி.

பொருள்: இந்திய மகளிர் லீக் சீசன் எந்த மாதம், எந்த ஊர் என்று தெரிவிக்கக் கோரும் பணிவான விண்ணப்பம்.

ஐயாமாரே, அம்மாமாரே,

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தோல் ஷாப்பில் வேலைக்கென்று தாத்தா தாராவிக்கு வந்தார். அக்கா குடும்பம் இன்னும் அங்கேதான். நான் கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்துவிட்டேன். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிப் படிக்கும் ஒரே அரசாங்க இலக்கியம் ரயில்வே கால அட்டவணை. தாதரில் ஏறினால் திருநெல்வேலியில் இறங்கலாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அதில் எழுதியிருக்கும். வண்டி தாமதமாக வரும், அது வேறு விஷயம். தாமதம் என்று சொல்வதற்கே முதலில் ஒரு நேரம் இருக்க வேண்டும் அல்லவா? உங்கள் மகளிர் லீக் தாமதமாக வருகிறது என்று ஒருவராலும் குற்றம் சொல்ல முடியாதபடி நீங்கள் நடத்தி வரும் சாமர்த்தியத்தைப் பாராட்டித்தான் இந்தக் கடிதம்.

என் அக்கா மகள் இடது பக்கப் பின்கள ஆட்டக்காரி. பத்தாம் வகுப்பு. மே மாதம் பள்ளி மூடினால் தாராவியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். முன்பு 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள் என்று குறைத்துவிட்டார்கள். அதற்கே எங்கள் சந்தில் ரயில்வே மந்திரிக்கு எத்தனை வசவு! “ஏட்டி, லீக் எந்த மாசம்னு உனக்குத் தெரியுமா? அதைப் பாத்துல்லா டிக்கெட் போடணும்” என்று அக்கா என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? பழைய சீசன்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு கணக்குப் பிடிபடும் என்று உட்கார்ந்தேன்.

2017: தில்லி அம்பேத்கர் ஸ்டேடியம், ஜனவரி, பிப்ரவரி. 2018: ஷில்லாங், மார்ச், ஏப்ரல். 2019: லூதியானா, மே. 2020: பெங்களூர், மறுபடியும் ஜனவரி, பிப்ரவரி. அதற்கடுத்த சீசனைக் கொரோனா தின்றுவிட்டது. 2022: புவனேசுவரம், ஏப்ரல், மே. 2023: அகமதாபாத், ஏப்ரல் கடைசியிலிருந்து மே 21 வரை. பஞ்சாங்கம் பார்க்கும் மாட்டுங்கா மாமா ஒருவரிடம் இதைக் காட்டினேன். இதில் எந்தக் கிரகமும் அகப்படவில்லை என்று கையை விரித்துவிட்டார்.

வெயிலைப் பற்றி ஒரு சந்தேகம். ஆண்களின் ஐ.எஸ்.எல். வழக்கமாக மழை ஓய்ந்த பிறகு தொடங்கி, ஐந்தாறு மாதம் சாவகாசமாக ஊர் ஊராக நடந்து வந்தது. பெண்களை மட்டும் மே மாதத்து லூதியானாவிலும் மே மாதத்து அகமதாபாத்திலும் இறக்கி விட்டீர்கள். அகமதாபாத்தில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் என்பது துவாரகாவுக்குத் தெரியாமல் இருக்காது. பிறந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு சூடா என்ற அனுபவ அறிவு உங்கள் கமிட்டியில் யாருக்கோ இருக்கிறது. அவருக்கு ஒரு வணக்கம்.

முதல் சீசன் 2017 ஜனவரி 28-இல் தொடங்கி பிப்ரவரி 14-இல் முடிந்தது. மூன்றாவது சீசன் 2019 மே 5-இல் தொடங்கி 22-இல் முடிந்தது. விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டும் பதினெட்டே நாள். பாரதப் போரும் பதினெட்டு நாள்தான் நடந்தது. அந்தக் களத்தில் ஆடியவர்களில் மிச்சமானவர்கள் கொஞ்சம் பேர் என்பதும் உங்கள் நினைவில் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆடி, முட்டியில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு தூங்கி, மூன்று வாரத்துக்குள் நாட்டின் சாம்பியன் யார் என்று முடிவு செய்துவிட்டு, மிச்சம் பதினோரு மாதம் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வியை உங்கள் கூட்டங்களில் யாராவது எழுப்பினால், தேநீர் இடைவேளை வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அந்த 2019 சீசனில் ஜெயித்தது எங்கள் மதுரை. சேது எஃப்.சி. மே 22 அன்று இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, மே 12 அன்று, ஐ.பி.எல். இறுதியில் மும்பையிடம் சென்னை ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அன்று ராத்திரி தாராவியில் சோறு இறங்காதவர்கள் எத்தனை பேர், கொண்டாடியவர்கள் எத்தனை பேர், அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்ற வீடுகள் எத்தனை! பத்து நாள் கழித்து ஒரு தமிழ்நாட்டு அணி இந்தியாவுக்கே சாம்பியன் ஆனது. ஒரு ஊசி வெடிகூட வெடிக்கவில்லை. எங்கள் காதுக்கே வந்து சேரவில்லை. இந்த அளவுக்கு ஒரு தேசியப் போட்டியை அடக்க ஒடுக்கமாக நடத்துவது, பெண் பிள்ளைகள் அடக்க ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் எங்கள் கிழவிகளுக்கே கைவராத கலை.

மும்பைக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குப் பெண்கள் ஆட்டம் பிடிக்காது என்று நீங்கள் சொல்ல முடியாது. செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் நேருல், இறங்கினால் டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியம். 2022 அக்டோபர் 30 அன்று 17 வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் அங்கேதான்; ஸ்பெயின் கொலம்பியாவை 1-0 என்று வென்றது. 2023 மார்ச்சில் பெண்கள் கிரிக்கெட்டின் முதல் பிரீமியர் லீக் முழுவதும் அங்கேயும் பிரபோர்னிலும் நடந்தது. அது முடிந்து ஒரு மாதத்தில் நீங்கள் அகமதாபாத்தில் ஆரம்பித்தீர்கள். இரண்டும் பெண்கள் ஆட்டம்தான், இரண்டும் ஒரே ஊரில் முடக்கப்பட்ட போட்டிதான். ஆனால் ஒன்றின் தேதி எங்கள் சந்து மளிகைக் கடைக்காரருக்கும் மனப்பாடம்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பையும் நேருலுக்கு வந்தது. இந்தியப் பெண்கள் 20-ஆம் தேதி ஈரானோடு கோல் இல்லாமல் சமன் செய்தார்கள். 23-ஆம் தேதி சீன தைபேயோடு ஆட வேண்டும். அணிக்குள் கொரோனா பரவி, விதிப்படி தேவையான 13 பேரை இறக்க முடியாமல் ஆட்டமே நடக்கவில்லை. இந்தியா விலகியதாக முடிவானது. கல்யாண வீட்டுக்காரர்களே பந்தியில் உட்கார முடியாமல் போன கதை. பந்தி மட்டும் நன்றாகவே நடந்தது. சீனா சாப்பிட்டுவிட்டு, கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனது.

மும்பை அணிகள் உங்கள் லீகில் ஆடவில்லையா என்றால், ஆடின. கெங்க்ரே எஃப்.சி. பெங்களூரில் ஆடியது. கொலாபாவின் பிஃபா புவனேசுவரத்தில் ஆடியது. மும்பை நைட்ஸ் அகமதாபாத்தில் ஆடியது. மும்பை அணிகள் மும்பையைத் தவிர எல்லா ஊரிலும் ஆடின. 2023 டிசம்பரில்தான் நீங்கள் முதன்முதலாக, சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம், எதிரணி மைதானத்தில் ஒரு ஆட்டம் என்று லீகை லீக் மாதிரி நடத்தினீர்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். அணிகள் ஏழு, அடுத்த சீசனில் எட்டு. மும்பை இரண்டிலும் இல்லை. இந்தியாவின் பணமெல்லாம் புழங்கும் ஊரில், ஒரு பெண்கள் அணிக்குப் படியளக்க ஆள் இல்லாமல் போயிற்று. மும்பை சிட்டி எஃப்.சி.யின் பெரும்பங்கை 2019-இல் வாங்கிய குழுமம், மான்செஸ்டரிலும் மெல்போர்னிலும் பெண்கள் அணி வைத்திருந்தது. அரபிக் கடல் காற்று மட்டும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் நீங்கள். ஆண்கள் அணிக்கு உரிமம் கொடுக்கிற கையால் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம்.

மாட்டுங்கா ஸ்டேஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் மத்திய ரயில்வே அதை முழுக்கப் பெண்களிடம் ஒப்படைத்தது. ஸ்டேஷன் மேனேஜர், டிக்கெட் கவுண்டர், பரிசோதகர், ரயில்வே பாதுகாப்புப் படை, எல்லோரும் பெண்கள். உங்கள் லீக் பிறந்ததும் அதே 2017-இல்தான். “இந்தாங்கம்மா, பதினெட்டு நாள் நடத்திப் பாருங்கள், பிறகு அடுத்த வருஷம் ஏதாவது ஒரு மாதம், ஏதாவது ஒரு ஊரில் வேறு ஸ்டேஷன் தருகிறோம்” என்று ரயில்வே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாதருக்கும் சயானுக்கும் நடுவில் வண்டிகள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பணக் கணக்கு ஒன்று பாக்கி. 2023-இல் நீங்கள் ஒரு விதி கொண்டுவந்தீர்கள்: லீகின் ஒவ்வொரு அணியும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு முன் அப்படி ஒன்றும் கிடையாது என்பதால் கை தட்டினோம். தட்டி முடித்த பிறகுதான் அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, டீமுக்குப் பதினோரு பேருல்லா?” நான் கால்பந்து விதி தெரியாதவள், அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதினோராவது ஆள் யார்? கோல்கீப்பரா? அவள் நின்ற இடத்திலேயே நிற்கிறாள், பெரிதாக ஓடுவதில்லை என்று விட்டுவிட்டீர்களா? மாதக் கணக்கில் அந்தத் தொகை 26,666 ரூபாய். தாராவியில் ஒரு அறைக்கு வாடகையும் மின்சாரமும் கட்டி, ஆட்டக்காரிக்கு வேண்டிய முட்டையும் பாலும் வாங்கினால் மிச்சம் என்ன என்று எந்தக் குடும்பத் தலைவியும் சொல்வாள். அதனால்தான் அக்கா என்னிடம் கேட்பது வேறு கேள்வி: “பந்து ஆடினா போலீஸ் வேலை கெடைக்குமாட்டி?” கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், 2020 ஊரடங்கில் தமிழ்நாடு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகச் சென்னைத் தெருவில் நின்றார். அந்தப் படத்தை அக்கா பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். அவர் கோல் அடிக்கும் படத்தை அல்ல, காக்கிச் சட்டைப் படத்தை.

முட்டை என்றதும் இன்னொன்று. 2024 மார்ச்சில் கோவாவில் உங்கள் இரண்டாம் டிவிஷன் மகளிர் லீக் ஆட வந்த ஒரு அணியின் இரு பெண்கள், ராத்திரிச் சாப்பாடு கிடைக்காமல் தங்கும் இடத்தில் முட்டை சமைத்தபோது உங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருவர் தங்களைத் தாக்கினார் என்று புகார் கொடுத்தார்கள். போலீஸ் அவரைக் கைது செய்தது. நீங்கள் இடைநீக்கம் செய்தீர்கள். இதைக் கிண்டல் செய்ய எனக்கு வரவில்லை. பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிற வீட்டில் இந்தச் செய்தியை எப்படிப் படிப்பார்கள் என்று மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் நிம்மதி இல்லை. 2022 மே மாதம் லீகை ஜெயித்த கோகுலம் கேரளா பெண்கள், ஆகஸ்டில் ஆசியக் கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் போய் இறங்கினார்கள். அவர்கள் போய்ச் சேரும் நேரத்தில், உங்கள் நாற்காலிச் சண்டை நீதிமன்றம் வரை போனதில், வெளியார் தலையீடு என்று காரணம் காட்டி ஃபிஃபா உங்களைத் தடை செய்துவிட்டது. ஆகஸ்ட் 26-இல் தடை நீங்கியது. அதற்குள் அந்தப் பெண்களின் போட்டி கைவிட்டுப் போயிற்று. செப்டம்பர் 7-இல் கொல்கத்தாவில் ஆட வேண்டிய மோகன் பாகான் ஆண்கள் தடையில்லாமல் ஆடினார்கள். தடைக்கும் ஆண், பெண் தெரியும் என்று அன்றுதான் அறிந்துகொண்டோம்.

2023 ஜனவரியில் ‘விஷன் 2047’ என்று ஒரு திட்ட வரைபடம் வெளியிட்டீர்கள். ஆசியாவின் முதல் வரிசைக்கு வந்துவிடுவோமாம். தாராவிக்காரர்களிடம் வரைபடம் காட்டும்போது கொஞ்சம் பார்த்துக் காட்டுங்கள். 2004-இலிருந்து எங்கள் குடிசைகளை எப்படி மாற்றப் போகிறோம் என்று எத்தனை வண்ணப் படம் பார்த்தவர்கள் நாங்கள்! படத்தில் மரம் இருந்தால் நம்பாதே என்பது எங்கள் அனுபவம். 2047-இல் என் அக்கா மகள் நாற்பதை நெருங்கியிருப்பாள். இடது பக்கம் ஓட முட்டி இடம் கொடுக்குமா தெரியவில்லை.

இவ்வளவும் செய்து பார்த்தும் உங்களால் அந்தப் பெண்களைத் தோற்கடிக்க முடியவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், தாய்லாந்தையே 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தது. அதற்கு முன் மங்கோலியாவை 13-0, திமோரை 4-0, ஈராக்கை 5-0.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். சீசன் தொடங்கும் தேதியை முன்கூட்டி அச்சடித்து வெளியிடுங்கள். மே மாதத்தை எங்களுக்கு விட்டுவிடுங்கள். மும்பைக்கு ஒரு அணி கிடைக்க வழி செய்யுங்கள். அது மும்பையிலேயே ஆடட்டும், நேருலோ அந்தேரியோ கூப்பரேஜோ, எங்கே என்றாலும் வருகிறோம். வாசலில் ‘அனுமதி இலவசம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம். அந்தக் காசில் பதினோராவது பெண்ணுக்கும் ஒப்பந்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் சித்தி