முள்ளு ஃபுல்லு, டேங்கு காலி

வா மாப்ள, உக்காரு. நோணாங்குப்பம் பாலத்து மேல அம்பாசடரத் தள்ளினது நீதானாமே? போட் ஹவுஸுக்கு வந்தவங்க படக விட்டுட்டு உன்னத்தான் செல்போன்ல புடிச்சாங்களாம். கடலூர்க்காரன் நம்ம பக்கம் விலை கொறைச்சல்னு முள்ளோடை வரைக்கும் வந்து டேங்க ரொப்பிக்கிட்டுப் போறான். அரியாங்குப்பத்துலயே பொறந்த நீ பெட்ரோல் இல்லாம நிக்கற.

முள்ளு ஃபுல்லுன்னு காட்டுச்சா? வாங்கின நாள்லேந்து எறங்கவே இல்லியா? "இன்னா மைலேஜ் குடுக்குது பாரு"ன்னு டீக்கடையில பீத்திக்கிட்டியே, அப்பவே எனக்குச் சந்தேகம். உத்தரபாராவுல 1950-கள்லேந்து 2014 வரைக்கும் அம்பாசடர் செஞ்சவங்களே அப்படி ஒரு வண்டியப் பாத்திருக்க மாட்டாங்க.

புது மீட்டர் வாங்கிட்டியா? வாங்கியிருந்தா அலமாரியில அழகா வை. கோளாறு பெரும்பாலும் மீட்டர்ல இல்ல. டேங்குக்குள்ள ஒரு மிதவை இருக்கு. அது ஏறி எறங்கறப்ப அதோட கம்பி ஒரு சுருள் மேல தேய்ச்சுக்கிட்டே நகரும். அதுக்குத் தக்கபடி கரண்ட்டு மாறும், முள்ளும் அசையும். இத்தனைக்கும் டேங்குக்கு ஒழுங்கா எர்த் கெடைக்கணும். டேங்குக்கும் பாடிக்கும் நடுவுல துரு ஏறினா எர்த் போச்சு. வீலர் துரை 1945-ல அரிக்கமேட்டுல தோண்டினாரே, அவருக்குக்கூட உன் டேங்கடியில இருக்கற அளவு பழசு கெடைச்சிருக்காது.

சாவியத் திருப்பினதும் உன் முள்ளு வெடுக்குனு துள்ளுதில்ல? பழைய ரகம். இதுல எர்த் போனா ஃபுல்லு காட்டும். பின்னால வந்த ரகத்துல முள்ளு சோம்பலா ஏறும். அதுல எர்த் போனா காலின்னு காட்டும். அந்த வண்டிக்காரன் பயந்து பயந்து பெட்ரோல் போட்டுக்கிட்டே இருப்பான், பாலத்துல நிக்க மாட்டான். கொடுத்து வச்சவன்.

மொதல்ல சாவிய மூடு. மிதவைக்குப் போற ஒயரக் கழட்டி, டேங்க விட்டுத் தள்ளி, பெயிண்ட்டு சொரண்டின எடத்துல பாடியோட இறுக்கிக் கட்டு. அப்புறம் சாவியத் திற. உன் முள்ளு சடக்குனு காலிக்கு விழுந்தா மீட்டரும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு. சோம்பல் ரகமா இருந்தா ஃபுல்லுக்கு ஏறணும்; ஏறினதும் மூடிடு, ரொம்ப நேரம் விடாத. இனி மிதவை மூடியோட ஸ்க்ரூவுலேந்து சேஸிக்குத் தனியா ஒரு ஒயர் இழு. பாதிப் பேருக்கு இதோட வேல முடிஞ்சிடும். மீட்டர் விக்கறவன்தான் இதச் சொல்ல மாட்டான்.

முடியலன்னா மிதவையக் கழட்டித்தான் ஆகணும். பேட்டரியக் கழட்டிட்டு, டேங்கு காலியா இருக்கறப்ப, வெட்டவெளியில செய். பெட்ரோல் தீந்தாலும் ஆவி இருக்கும், அதனால பீடிக் கூட்டாளிங்கள தெருமுனைக்கு அந்தாண்ட நிறுத்து. மிதவையக் காதுகிட்ட ஆட்டிப் பாரு. உள்ள களக் களக்குன்னா ஓட்டை, பெட்ரோல் புகுந்திருக்கு. வெந்நீர்ல அமுக்கினா குமிழி வர்ற எடம் தெரியும். உள்ள பெட்ரோல் இருக்கறப்ப ஈயம் வைக்காத, வெடிக்கும். சுருள்ல அடிப்பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா, உனக்கு வித்தவரு ஆயுசு பூரா நூறு ரூபாய்க்கே பெட்ரோல் போட்டிருக்காருன்னு அர்த்தம். "டாக்டர் ஓட்டின வண்டி"ன்னு சொன்னாங்கல்ல?

மூடறப்ப புது ரப்பர் வாஷர் போடு. இப்ப வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது எத்தனால், பழைய ரப்பர் ஊதிப்போவும். அப்புறம் சமதளத்துல நிறுத்தி அஞ்சஞ்சு லிட்டரா ஊத்தி, ஒவ்வொரு தடவையும் முள்ளு எங்க நிக்குதுன்னு குறிச்சுக்க. பங்க்ல இருக்கற பையன் முறைப்பான், முறைக்கட்டும். பாதின்னு முள்ளு காட்டினா டேங்குல பாதி இருக்குதுன்னு நம்பிடாத. டேங்கு என்ன, நேரா நிக்கற செம்பா?

ஆடி அஞ்சாம் வெள்ளி வீராம்பட்டினம் தேருக்குக் கார்லயே கூட்டிக்கிட்டுப் போறேன்னு அத்தைகிட்ட சொன்னியாமே? அவ புடவைகூட எடுத்து வச்சுட்டா. நல்லாப் பாத்துக்க மாப்ள. செங்கழுநீர் அம்மன் தேருக்கு வடம் புடிக்க கவர்னரே வர்றாரு. அப்படியே உன் வண்டியையும் ஒரு இழு இழுங்கய்யான்னு என்னால கேக்க முடியாது.