சாவுகிராக்கி

சிக்னலில் பச்சை விழ இன்னும் மூன்று விநாடி இருக்கிறது. அதற்குள் பின்னால் ஹாரன் தொடங்கிவிட்டது. முன்னால் நிற்பவர் அறுபது வயதுக் காவலாளி. ராத்திரி டூட்டி முடித்து, காலி டிபன் பாக்ஸைக் கேரியரில் செருகி, பெடலில் ஒரு கால், தரையில் ஒரு காலென்று நிற்கிறார். காரின் கண்ணாடி இறங்குகிறது. ஏசிக் காற்றோடு சேர்ந்து சென்னையின் புகழ்பெற்ற கேள்வியும் வெளியே வருகிறது: "யோவ் சாவுகிராக்கி, வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

இதை வெறும் வசவு என்று தள்ளிவிடக் கூடாது. இது வியாபாரச் சொல். கிராக்கி என்றால் கடைக்கு வருகிறவர். இவர் சாவு வாங்க வந்திருக்கிறார். அப்படியானால் விற்கிறவர் யார்? கண்ணாடியை இறக்கிக் கேட்டாரே, அவர்தான். தன் கடையில் என்ன சரக்கு என்பதை வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே இத்தனை நாணயமாகச் சொல்லும் முதலாளி வேறெந்தத் தொழிலிலும் கிடையாது.

கடை நன்றாகவே ஓடுகிறது. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சைக்கிளில் போனவர்கள் மட்டும் 4,800-க்கு மேல்.

கிராக்கிக்குப் பஞ்சம் வராமல் தமிழ்நாட்டு அரசு பார்த்துக்கொள்கிறது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி ப்ளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்குமாக விரிந்தது. ஆட்சி மாறினாலும் திட்டம் நிற்கவில்லை. திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பஸ் வராத ஊரில், பத்தாவதோடு வீட்டில் உட்காரவேண்டிய பெண் பிள்ளையை மேல்நிலைப் பள்ளிவரை கொண்டுபோய் விட்டது அந்தச் சைக்கிள். எனக்குள்ள சந்தேகம் ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஐந்து லட்சம் வாக்கில் சைக்கிள் கொடுக்கிறவர்களுக்கு, அதை ஓட்ட இரண்டு முழ அகலம் ரோடும் வேண்டும் என்று இத்தனை ஆண்டில் ஒருவர்கூடவா காதில் போடவில்லை? மேடை, சால்வை, போட்டோ எல்லாம் முடிந்து, எம்.எல்.ஏ.வின் கார் முன்னும் பின்னும் நாலு வண்டி சூழ ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பும். புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் முள்ளுச்செடிப் பக்கம் ஒதுங்குவார்கள். சாலைப் பாதுகாப்பு வகுப்பு, செய்முறையோடு, அன்றைக்கே முடிந்துவிடும்.

"ஓரமாப் போ" என்பது அந்த வகுப்பின் ஒரே பாடம். போகலாம், ஓரம் எங்கே இருக்கிறது என்று காட்டினால். தார்மேல் தார் போட்டு ரோடு வளர்ந்துவிட்டது. விளிம்பில் அரையடிப் பள்ளம். பள்ளத்தைத் தாண்டினால் மணல், மழைநீர் வடிகாலின் உடைந்த மூடி, குப்பைத்தொட்டி, கடை போர்டு. அதையும் தாண்டினால் நோ பார்க்கிங் பலகைக்குக் கீழேயே நிழல் பார்த்து நிறுத்திய கார். காரைச் சுற்றிப் போக வலப்பக்கம் ஒடித்தால் பின்னால் வருகிற பஸ். ஒடிக்காமல் ஒட்டிப் போனால், உள்ளே இருப்பவர் கண்ணாடி பார்க்காமல் படாரென்று திறக்கும் கதவு. ஜெர்மனியில் சைக்கிளை முந்தும் வண்டி ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் தள்ளிப் போகவேண்டும் என்று 2020-இல் விதியே எழுதிவிட்டார்கள். நம்மிடம் டேப் இல்லாத அளவை: சட்டை உரசாவிட்டால் இடைவெளி இருந்ததாகக் கணக்கு.

சென்னைக்குக் கொள்கை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2014-இல் மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும். அவர்கள் சாவைப் பூஜ்யமாக்குவது இலக்கு. படித்துப் பாருங்கள், கண்ணில் நீர் வரும். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணா சாலைக்குப் போங்கள். அப்போதும் வரும்.

செத்த பிறகாவது மரியாதை உண்டா என்றால், அங்கே இலக்கணம் குறுக்கே வந்து நிற்கிறது. "சைக்கிளில் சென்ற தொழிலாளி மீது அடையாளம் தெரியாத வாகனம் மோதியதில்..." வாகனம் தானே சாவி போட்டு, தானே கியர் மாற்றி, தானே வந்து மோதியது. ஓட்டியவர் என்று ஒருவர் அந்த வாக்கியத்தில் பிறக்கவே இல்லை. இன்னொரு வகை: "எதிர்பாராதவிதமாக நிலைதடுமாறி கீழே விழுந்தார்." நாற்பது வருஷம் சைக்கிள் மிதித்தவர், அன்றைக்குப் பார்த்து, லாரி பக்கத்தில் வந்த அந்த நொடியில், தானாகவே நிலைதடுமாறினாராம்!

சைக்கிள்காரன் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. ராங் சைடில் வருகிறான், இருட்டில் விளக்கில்லாமல் வருகிறான், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சிவப்பில் நுழைகிறான். அவனைத் திட்டலாம், பிடிக்கலாம். டைனமோ எரியவில்லை என்றும் டபுள்ஸ் போனான் என்றும் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் இருந்தது. சட்டத்தின் கண்ணுக்குச் சைக்கிள் என்றொரு பொருள் தெரிந்த கடைசிக் காலம் அது. ஆனால் கணக்கு ஒன்று இடிக்கிறது. அவன் செய்த தப்புக்கும் அவன்தான் சாகிறான். நீங்கள் செய்த தப்புக்கும் அவன்தான் சாகிறான்.

மோதிவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம்வரை சிறை என்று புதுக் குற்றச் சட்டத்தில், 106-ஆம் பிரிவில், ஓர் உட்பிரிவு எழுதினார்கள். அதை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரிகள் நின்றன. அந்த ஓட்டுநர்களின் பயம் பொய்யில்லை. இறங்கி நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் நாடு இது. ஜூலை 1-ஆம் தேதி சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவை மட்டும் ஓரமாக நிறுத்திவைத்தார்கள். பாருங்கள், சட்டத்துக்கு ஓரம் கிடைக்கிறது. ஓடிய வண்டி எதுவென்று தெரியாமலே போனால் செத்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் அது 25,000. ஞாயிற்றுக்கிழமை காலை ஈ.சி.ஆரில் பறக்கும் சில சைக்கிள்களின் ஒரு சக்கரம்கூட அந்த 25,000-க்கு வராது.

காவலாளி திரும்பிப் பார்க்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. அவர் சார்பில் நான் சொல்லிவிடுகிறேன்: சொல்லிவிட்டுத்தான் வந்தார். நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு, வாசலில் சைக்கிளை இறக்கும்போது. "போறேன்" என்று சொன்னால் வீட்டம்மாள் திட்டுவாள் என்பதால், "போயிட்டு வரேன்" என்று சொன்னார்.

பச்சை விழுந்துவிட்டது. வண்டியை எடுங்கள் சார்.