பிளக் அண்ணாச்சி

சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலைப் பக்கம் வானம் கறுத்து ஓர் உறுமல் கேட்டால், தென்காசி வட்டாரத்தில் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். பெண்கள் மொட்டைமாடிக்கு ஓடிக் காய்கிற வற்றலை வாரிக்கொண்டு வருவார்கள். பாட்டிமார் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்பார்கள். பிளக் அண்ணாச்சி பிளக்கைப் பிடுங்குவார்.

பிடுங்குவதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டிவி. அது மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. அடுத்து செட்டாப் பாக்ஸ், மோடம், செல்போன் சார்ஜர். பிறகு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி. வேலை முடிந்த பிறகும் மிக்சியின் பிளக் சுவரில் இருப்பது அந்த வீட்டில் குற்றம் என்பதால், அது எப்போதோ கழற்றப்பட்டிருக்கும். ஆனாலும் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார். கடைசியில் இன்வெர்ட்டர். பிடுங்கியதும் ‘கீ, கீ’ என்று அது கத்தும். “கத்தட்டும், உசிரோட இருக்குலா” என்பார் அண்ணாச்சி. பிடுங்கிய வயர்களையெல்லாம் செத்த பாம்பைத் தூக்குவதுபோல் நுனி விரலால் பிடித்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போடுவார்.

“சுவிட்ச ஆஃப் பண்ணினா பத்தாதா அண்ணாச்சி?” என்று கேட்டுவிடக் கூடாது.

“மேகத்துல இருந்து மண்ணு வரைக்கும் கிலோமீட்டர் கணக்குல காத்தக் கிழிச்சிட்டு வாரவன், உம்ம சுவிட்சுக்குள்ள இருக்க ஒரு நூல் இடைவெளியத் தாண்ட மாட்டானாக்கும்?”

இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. சொல்லவும் முடியாது. சரியாகத்தான் கேட்கிறார். இடி வருவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு இன்றுவரை விற்பனைக்கு வரவில்லை. சிக்கல் அந்த ‘முன்பே’ என்ற சொல்லில் இருக்கிறது. அண்ணாச்சி மதியம் உண்ட களைப்பில் கண்ணயர்ந்திருப்பார். முதல் உறுமல் காதில் விழாது. தலைக்கு மேல் வெடித்த பிறகு பதறி எழுந்து, கட்டில் காலில் இடித்துக்கொண்டு, கையில் பிளக்கோடு நிற்பார். 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்ற விஞ்ஞானி, கூரையிலிருந்து வீட்டுக்குள் இறக்கியிருந்த கம்பியில் மின்னலை அளக்கப் போய், இடிமழைக்கு நடுவே அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று உயிரை விட்டார். கம்பி மண்ணில் புதைக்கப்படாமல் இருந்தது. ரிச்மனாவது அறிவியலுக்காக நின்றார். அண்ணாச்சி செட்டாப் பாக்சுக்காக நிற்கிறார்.

பிடுங்கி முடித்ததும் திண்ணைக்கு வந்து எண்ணத் தொடங்குவார். பளிச்சென்றதும் “ஒண்ணு, ரெண்டு, மூணு…” ஏழில் சத்தம் கேட்டால், “ஏழு கிலோமீட்டர். கடையம் பக்கம் போல” என்று அறிவிப்பார். சத்தம் ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும்; ஏழை மூன்றால் வகுக்க வேண்டும், இடி இரண்டேகால் கிலோமீட்டரில் நிற்கிறது என்று விளக்கினேன். அண்ணாச்சி மனசுக்குள் வகுத்துப் பார்த்தார்.

“வகுத்தா கிட்ட வந்துருதுவே. வேண்டாம்” என்றார்.

புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மின்னலை முன்கூட்டிச் சொல்ல ‘தாமினி’ என்று ஒரு செயலி விட்டிருக்கிறது. அதுவும் அண்ணாச்சியின் போனில் உண்டு. ஆனால் மின்னல் நேரத்தில் போன் அணைந்தே கிடக்கும். சார்ஜரைத்தான் பிடுங்கிவிட்டாரே.

இவ்வளவு செய்தும் ஓர் ஐப்பசியில் டிவி போய்விட்டது. எல்லாப் பிளக்கும் தரையில் கிடந்தன. கூரை வழியாக வந்த கேபிள் வயர் மட்டும் டிவியின் முதுகில் செருகியபடி இருந்தது. மின்னலுக்கு வாசல் எது, கொல்லை எது என்ற பேதமில்லை. அது முதல் கேபிளையும் கழற்றுகிறார். பழைய டெலிபோன் வயரை, டெலிபோன் போய் வெகுகாலமாகியும், சுருட்டி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயைக் கழற்ற முடியாததில் அவருக்கு ஒரு மனக்குறை உண்டு.

கோவையில் இன்ஜினியராக இருக்கும் மருமகன் அந்த வாரம் போனில் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். “மாமா, மெயின் போர்டுல ஒரு சர்ஜ் புரொடெக்டர் மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுங்க. சில ஆயிரம்தான் ஆகும்.”

அண்ணாச்சி தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகன் சொன்னது அவருக்கு யோசனையாகப் படவில்லை, மனுவாகப் பட்டது. மனு என்றால் விசாரிக்க வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ‘இடி – சாதக பாதகம்’ என்று எழுதி அடிக்கோடிட்டார். விசாரணை கிளம்பியது.

எலக்ட்ரிக் கடைக்காரர் ஐந்து ஓட்டையுள்ள ஸ்பைக் கார்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். சிவப்பு லைட் எரிந்தது. அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டது. எரிகிற எதையும் அவர் நம்புவார். ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பலவும் லைட் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் என்று மருமகன் சொல்லிவிட்டார். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏறி இறங்குவதைச் சரிசெய்யும். மின்னலைப் பார்த்தால் அதுவும் டிவியோடு சேர்ந்து போகும். எம்.சி.பி. டக்கென்று விழுந்துவிடுமே என்றார் இன்னொருவர். அது விழ விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு வேண்டும். மின்னல் கொண்டுவரும் அலையோ லட்சத்தில் சில பங்குக்குள் வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விடும். எம்.சி.பி. கண் விழிக்கும்போது காரியம் முடிந்திருக்கும். டிவி மெக்கானிக்கிடம் கேட்டபோது மட்டும் அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “மாட்டாதீங்க அண்ணாச்சி, அதெல்லாம் சும்மா” என்றார். அதை அண்ணாச்சி நோட்டில் ‘பாதகம்’ பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

கோயில் வாசலில் கேட்டபோது கிடைத்த பதில் அவருக்கு எல்லாவற்றையும்விட இனித்தது. கோபுரக் கலசம் இடியை வாங்கிக்கொள்ளும், நம் தெருவுக்கு வராது. கலசத்திலிருந்து மண்ணுக்குக் கம்பி இறங்காதவரை கலசம் இடிதாங்கி ஆகாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, மழை எப்போது விடும் என்று கேட்டுவைத்தேன். உண்மையான இடிதாங்கியே வைத்தாலும் அது கட்டடத்தைக் காக்கும். இரண்டு தெரு தள்ளி மின்கம்பத்தில் விழுந்த மின்னல் வயர் வழியே வீட்டுக்குள் வருவதை அது என்ன செய்யும்?

விடுமுறைக்கு வந்த மருமகன் பொறுமையாகத்தான் விளக்கினார். மெயின் போர்டில் எம்.சி.பி.க்குப் பக்கத்தில் உட்காரும் சின்னப் பெட்டிதான் சர்ஜ் புரொடெக்டர். உள்ளே துத்தநாக ஆக்சைடுப் பொடியை அழுத்திச் சுட்ட வில்லை ஒன்று. 230 வோல்ட் வரும்வரை இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். திடீரென்று ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறினால் கண்மூடித் திறப்பதற்குள் வழி திறந்து, வந்ததை எர்த்துக்கு அனுப்பிவிட்டு, மறுபடி சும்மா இருந்துவிடும்.

“அப்ப மத்த நேரமெல்லாம் வேலையே செய்யாதா?”

“சும்மா இருக்கிறதுதானுங்க மாமா அதுக்கு வேலை.”

தாலுகா ஆபீசில் ஓர் ஆயுளைக் கழித்தவருக்கு இது உடனே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. “சரி, அது காப்பாத்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்று அடுத்ததைக் கேட்டார். டிவி போகாமல் இருந்தால் காப்பாற்றியது என்று அர்த்தம். “மாட்டாமலே போன வருசம் டிவி போவலையே?” மருமகன் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அந்தப் பெட்டியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், பச்சையாக இருந்தால் நல்லபடியாக இருக்கிறது, சிவப்பானால் உயிரை விட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். “அப்படின்னா அதுவும் போவும்!” என்றார் அண்ணாச்சி, வழக்கில் ஜெயித்தவர் குரலில். “நேரா வீட்டு மேலயே விழுந்தா?” நேராக விழுந்தால் 30,000 ஆம்பியர் அளவுக்குப் பாயும், அதற்கு இந்தப் பெட்டி ஒன்று மட்டும் போதாது என்று மருமகன் பொய் சொல்லாமல் சொன்னார். நோட்டில் பாதகம் பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

ஒன்றை மட்டும் அண்ணாச்சிக்காகச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் ஒரே நாளில் நாலு வீட்டு டிவியும் இரண்டு மிக்சியும் போன கதையை இன்றைக்கும் ‘இடி விழுந்த வருசம்’ என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு வானம் வெறித்துக் கிடந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நியூட்ரல் அறுந்து வீடுகளுக்குள் 400 வோல்ட் வரை வந்திருக்கிறது. அதற்கு இந்தப் பெட்டி மருந்தில்லை. வோல்டேஜ் கூடினால் லைனையே வெட்டும் கருவி தனி. நம் ஊர்களில் மின்னல் சம்பாதித்த கெட்ட பேரில் ஒரு பங்கு நியூட்ரலுக்குச் சேர வேண்டியது. இதை அண்ணாச்சி எப்படியோ கண்டுபிடித்து மருமகனிடமே கேட்டு மடக்கிவிட்டார். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

கடைசியில் எலக்ட்ரீஷியன் பையன் வந்தான். போர்டைத் திறந்து பார்த்தவன் கேட்டது ஒரே கேள்வி.

“அண்ணாச்சி, எர்த் எங்க?”

“பச்சை வயரு இருக்குலால?”

“இருக்கு. அது எங்க போவுது?”

பச்சை வயரின் வழியே ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பையன், பின்னால் அண்ணாச்சி, அவருக்குப் பின்னால் நான், கையில் காப்பி டம்ளரோடு மதினி. வயர் சுவர் வழியே இறங்கி, சமையலறையைத் தாண்டி, வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு வந்து, ஸ்கூட்டர் நிறுத்துவதற்காகப் போட்ட சிமெண்ட் தளத்துக்குள் மறைந்தது. வீடு கட்டியபோது அங்கே ஒரு குழி இருந்ததும், அதில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு எர்த் பைப் இறக்கியதும் அண்ணாச்சிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச காலம் ஊற்றினார்கள். பிறகு ஸ்கூட்டர் வந்தது. சிமெண்ட்டை ஓரமாகத் தட்டிப் பார்த்தபோது பைப்பின் தலை துருவேறி, வயரோடு உறவை முறித்துக்கொண்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

“இந்த எர்த்த வச்சிக்கிட்டு சர்ஜ் புரொடெக்டர் மாட்டினா, வந்தது எங்க போவும்?” என்றான் பையன். “எட்டடிக்குப் புது பைப் இறக்கணும். பொறவு பெட்டி. பெட்டியில இருந்து எர்த்துக்குப் போற வயரும் குட்டையா இருக்கணும், சுத்தி வளைச்சு விடக் கூடாது.”

பெட்டிக்கு ஆகும் காசைவிடக் குழிக்கு ஆகும் காசு கூட என்று தெரிந்ததும் அண்ணாச்சி ‘ஆகட்டும், பாக்கலாம்’ என்று எழுந்தார். ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று மதினி இரண்டு வருஷமாகச் சொல்லிவந்ததற்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. அதற்கு முன்புவரை, ‘கை ஈரமா இருக்கும்’ என்பதே இவருடைய தீர்ப்பு.

மதினியின் கணக்கு வேறு. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்தால் போதும் என்பார்கள். அண்ணாச்சி அதை ஒன்றரை மணி ஆக்கி, அதற்குள் தூங்கியும் போவார். ஃப்ரிட்ஜ் விடியும்வரை அணைந்து கிடக்கும். பால் திரியும், மாவு பொங்கித் தட்டை முட்டிக்கொண்டு வழியும். “இடியில இதுவரைக்கும் போனது ஒரு டிவிதான்” என்றார் மதினி. “இவியளால போன மாவுக்கு ரெண்டு டிவி வாங்கியிருக்கலாம்.”

எனக்கென்னவோ, அண்ணாச்சிக்குச் சந்தேகம் பெட்டியின் மேல் இல்லை என்றுதான் படுகிறது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் சொல்லை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. என்ன குழம்பு, எந்தச் சேனல், பேரனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எதற்கும் அவரிடம் யாரும் அனுமதி கேட்பது கிடையாது. இடி இடித்தால் மட்டும் சீரியல் பாதியில் நிற்கும். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்து, ‘போடலாமா, இன்னும் கொஞ்ச நேரம் ஆகணுமா?’ என்று கேட்பார்கள். அவர் வானத்தைப் பார்த்து, யோசித்து, ‘பொறுங்க’ என்பார். பொறுப்பார்கள். அந்தச் சின்னப் பெட்டி வந்துவிட்டால் இதற்கெல்லாம் என்ன வழி?

தீபாவளிக்கு வந்த மருமகன் மாமாவிடம் கேட்காமலே பையனை வரச் சொன்னார். சந்தில் சிமெண்ட்டை உடைத்தார்கள், எட்டடி பைப் இறங்கியது, போர்டில் பெட்டி உட்கார்ந்தது, ஜன்னல் பச்சையாகச் சிரித்தது. ஃப்ரிட்ஜ் சுர்ரென்பதை நிறுத்திக்கொண்டது. அண்ணாச்சி வந்தவர் போனவருக்கெல்லாம் டார்ச் அடித்துப் பச்சையைக் காட்டினார். பில்லை வாங்கி நோட்டுக்குள் ஒட்டினார்.

அடுத்த வாரமே மேகம் திரண்டது. முதல் உறுமலுக்கு அண்ணாச்சி எழுந்தார். டிவி பக்கம் போகவில்லை, ஃப்ரிட்ஜ் பக்கமும் போகவில்லை. நேராகப் போர்டுக்குப் போய் மெயினையே இறக்கிவிட்டார். வீடு இருண்டது. இனிமேல் இது எதற்கு, அதுதான் பெட்டி இருக்கிறதே என்று இருட்டிலிருந்து மதினி சத்தம் போட்டார்.

“அதுக்குத்தான் இறக்கினேன்” என்றார் அண்ணாச்சி. “மூவாயிரத்து ஐநூறு ரூவா சாமான். இடியில கிடியில போயிரப்பிடாதுலா?”