வயலினுக்கு ஒரு பிடி அரிசி

வயலின் வைத்திருப்பவர்கள் வெளியே மட்டும்தான் துடைக்கிறார்கள். உள்ளே தூசி பந்து பந்தாகக் குடியிருப்பதைக் கேட்பாரில்லை. அருமையான கைமருந்து ஒன்று உண்டு. ஒரு பிடி அரிசியை லேசாகச் சூடுகாட்டி, 'எஃப்' வடிவத் துளை வழியே போட்டுக் குலுக்கிக் கவிழ்த்தால், அரிசி தூசியை வாரிக்கொண்டு வெளியே வரும். மேல்நாட்டிலும் இதே வைத்தியம்தான். நான் கட்டிவிட்ட கதையல்ல.

அரிசியில் மட்டும் கவனம் வேண்டும். மேல் ஸ்தாயி பளிச்சென்று பேச பாசுமதி. சௌக்க காலத்துக்குப் புழுங்கல். கல் கலந்த அரிசி என்றால் இன்னும் விசேஷம், கச்சேரிக்குத் தனியாகக் கஞ்சிரா தேவையில்லை.

உள்ளே, பசை போடாமல் வெறும் அழுத்தத்தில் நிற்கும் சின்ன மரக்குச்சி ஒன்றிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஆன்மா' என்கிறார்கள். பலமாகக் குலுக்கினால் தூசியோடு ஆன்மாவும் இடம்பெயரும். இத்தனை மலிவாக வேதாந்தம் வேறெங்கே கிடைக்கும்?

எங்கள் வீட்டு வயலினையும் சுத்தம் செய்தேன். துளைக்குள் எட்டிப் பார்த்தால் 'ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா, 1721' என்று சீட்டு தெரியும். மூன்று தலைமுறையாக எங்கள் குடும்ப கௌரவமே அதுதான். பெண் கேட்டுப் போன இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறோம். அரிசியைக் கொட்டிவிட்டுப் பார்த்தேன். சீட்டில் அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு வரி பளிச்சென்று தெரிந்தது: 'ஜெர்மனியில் செய்யப்பட்டது.'

தூசியை டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதே இடத்தில் திரும்பப் படியவைக்கத் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.