தொண்ணூறு நாள்

எங்கள் வீட்டுத் திண்ணைக்கு சிமென்ட் பூச வந்த கொத்தனார், ரசமட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, "நாளைக்கு வர்றேங்க"ன்னு போனார். இதற்கு நடுவில் கடத்தூர் வெற்றிலைச் சந்தை எத்தனையோ தடவை கூடிக் கலைந்துவிட்டது. ரசமட்டம் மட்டும் அங்கேயே இருக்கிறது, குமிழி நட்டநடுவில்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் புவனேஸ்வரம்தான் நினைவுக்கு வரும். 2017 ஆசிய தடகளப் போட்டியை நடத்த வேண்டிய ராஞ்சி கைவிரித்துவிட்டது. பந்தக்கால் நட்ட பிறகு மண்டபம் இல்லை என்பது போல. (நாம் சிரிக்க முடியாது. 2013 போட்டி சென்னைக்குத்தான் வந்தது. இலங்கை வீரர்களை அனுமதிக்க மாட்டோம் என்றது மாநில அரசு, போட்டி புனேவுக்குப் போனது.) கோயிலுக்கும் கோடை வெயிலுக்கும் பெயர் போன புவனேஸ்வரம், "நாங்க செய்றோம்" என்றது. கலிங்கா மைதானத்தை 90 நாளில் தயார் செய்தார்கள். போட்டி ஜூலையில், அதுவும் ஒடிசா மழையை வைத்துக்கொண்டு!

நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. பல ஆண்டுகளாக முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத சீனா, இரண்டாமிடத்தில் போய் உட்கார்ந்தது. இந்தியாவுக்கு அன்றைய கணக்கில் 29 பதக்கம். பிற்பாடு ஊக்கமருந்து விவகாரத்தில் ஒரு தங்கம் கழன்றுகொண்டது தனிக்கதை.

புதுக்கோட்டை லட்சுமணன் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். எங்கள் கொத்தனார் பக்கத்துத் தெருவிலிருந்துதான் வரவேண்டும்.