பில்டு அண்ணன்

கல்யாணப் பேச்சு எடுத்த வீட்டுக்குத் தரகர் எப்படி வந்து சேர்கிறாரோ, அப்படித்தான் கேமிங் பிசி என்ற பேச்சு எழுந்த வீட்டுக்கு பில்டு அண்ணன் வந்து சேர்கிறார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்தால் வாங்கித் தருகிறேன் என்று பையனிடம் சொன்ன வாக்கு காற்றோடு போயிருக்கும் என்று நான் நிம்மதியாக இருந்த ஒரு சனிக்கிழமை காலை, நான்காவது மாடியிலிருந்து இறங்கி வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்தார். கேட்ட முதல் கேள்வி: "பட்ஜெட் என்ன அங்கிள்?"

வயது இருபத்தாறு இருக்கும். ஏதோ ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. சாவிக்கொத்தில் பைக் சாவியோடு ஒரு பென்டிரைவ் தொங்கும். அதில் விண்டோஸ் 11 எப்போதும் பூட்டபிளாக இருக்கும். சில பேர் ருத்திராட்சத்தைக் கழற்றாமல் இருப்பது மாதிரி இவர் அதைக் கழற்றுவதில்லை.

"அறுபதாயிரம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில், "மானிட்டர் சேர்த்தா?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை, மனைவியோடு பட்டுப்புடவைக் கடைக்குப் போய் வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "கூட ரெண்டாயிரம் போட்டா பிராசஸர் ஒரு படி மேல போயிடும். பிராசஸர் மேல போனா இந்தக் கார்டு பாட்டில்நெக் ஆகும். அதுக்கு ஒரு நாலாயிரம். கார்டு மாத்தினா எஸ்எம்பிஎஸ் 650 வாட்ஸ் வேணும்." உள்ளே இருந்து என் அம்மா, "நம்ம மிக்ஸியே 750 வாட்ஸுடா" என்று குரல் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதை நம்பி வாழ்கிற குடும்பம் எங்களுடையது. அந்த நூறு யூனிட்டை நான் மனத்துக்குள் வழியனுப்பி வைத்தேன்.

பில்டு அண்ணன் இன்று முளைத்தவர் அல்ல. இருபது வருடத்துக்கு முன்னால் இவருக்கு ஃபார்மட் அண்ணன் என்று பெயர். அப்போது கையில் சிடி பவுச். விண்டோஸ் எக்ஸ்பி போடும்போது திரையில் '39 நிமிடம் மீதி' என்று வந்ததும் டீ கேட்பார். அந்த முப்பத்தொன்பது நிமிடம் ஒரு மணி நேரம் ஓடும். இரண்டாவது டீ வரும். சி டிரைவ், டி டிரைவ் என்று பாகப்பிரிவினை செய்துவிட்டு, "போட்டோ எல்லாம் டி-ல வைங்க, சி போனாலும் டி போகாது" என்று தத்துவம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். நடுவில் எல்லாரும் மடிக்கணினிக்கு மாறியபோது இந்த இனம் அழிந்துவிட்டதாகவே நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்து, டி.பி.எம். 2.0 இல்லாத பழைய பெட்டிகளெல்லாம் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்றான வாரத்தில், நம்மவர் ஒரு அட்சய திருதியை நகைக்கடைக்காரரின் பரபரப்போடு திரிந்தார். இத்தனைக்கும் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. அதுதான் இவரிடம் உள்ள ஆபத்தே. காசு வாங்கினால் நாம் கேள்வி கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடை மூடியிருக்கும் என்பதால் அன்றைக்கே கிளம்பினோம். மவுண்ட் ரோட்டிலிருந்து அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் அவர் நடையே மாறியது. "வாங்க பாஸ்" என்று கடைக்குக் கடை கூப்பிட்டார்கள். "எல்லாம் தெரிஞ்ச பசங்க அங்கிள்" என்றார். எனக்குப் பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரரையும் அவர்கள் பாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அதைக் காதில் வாங்காத மாதிரி நடந்தேன். இருநூறு ரூபாய்க்காக நாற்பது நிமிடம் பேரம் நடந்தது. இருநூறு குறையவில்லை. ஒரு மவுஸ்பேடு இலவசமாகக் கிடைத்தது. அதை அவர் வீடுவரை மடியில் வைத்துக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்தால், மற்றதெல்லாம் அதற்கு இலவச இணைப்பு என்று தோன்றும்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசை பறிபோனது. முதல் கட்டளை, எல்லாரும் போய் இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டு வர வேண்டும். உடம்பில் இருக்கிற ஸ்டேடிக் மின்சாரம் போர்டில் இறங்கினால் போச்சாம். வரிசையில் போய்த் தொட்டோம். அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு அவரவர்க்கு வேலை பிரிக்கப்பட்டது. பையனுக்கு ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கிற வேலை. என் மனைவிக்கு டீ. எனக்கு டார்ச். ஒரு பில்டில் டார்ச் பிடிப்பவரின் நிலை, பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவரின் நிலை. இருக்கிறபோது யார் கண்ணிலும் படமாட்டார். கொஞ்சம் அசைந்தால், "அங்கிள், வெளிச்சம்" என்று அதட்டல் வரும். ஆனால் ஒரு வசதி உண்டு. எல்லாவற்றையும் கிட்டத்தில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பிராசஸரை உட்கார வைத்தார். கீழே சாக்கெட்டில் 1718 பின். முடியைவிட மெல்லிசு. ஒன்று வளைந்தாலும் போர்டு போனது மாதிரிதான். அந்த இரும்புக் கம்பியை அழுத்தி மூடும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு அது பழகிய சத்தம். மேலே இருந்த பிளாஸ்டிக் மூடி டப்பென்று துள்ளி என் மேல் விழுந்தது. "அப்படித்தான் வரணும்" என்றார் அண்ணன். அவர் நெற்றியில் வேர்த்திருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.

அடுத்து தெர்மல் பேஸ்ட். இது சித்தாந்தம். நடுவில் பட்டாணி அளவு ஒரு பொட்டு வைத்தால் போதும் என்று ஒரு கட்சி. பெருக்கல் குறிதான் சரி என்று ஒரு கட்சி. நெய்யை தோசையில் தடவுவதுபோல முழுக்கத் தடவ வேண்டும் என்று இன்னொரு கட்சி. கூலரை வைத்து அழுத்தினால் எப்படியும் பரவத்தான் போகிறது. ஆனாலும் வடகலை தென்கலைபோல ஒருவர் போட்ட நாமத்தை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நம்மவர் பெருக்கல் குறி. போட்டு முடித்து, கூலரை வைத்து, நாலு ஸ்க்ரூவும் முடுக்கிய பிறகு பையன் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, கூலர் அடியில ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருந்துச்சே?"

எல்லாம் மறுபடி கழன்றது. ஸ்டிக்கரை உரித்து, பேஸ்ட்டைத் துடைத்து, இரண்டாவது நாமம். "நீ கவனிக்கிறியான்னு பார்த்தேன்" என்றார்.

எல்லாம் மாட்டி முடிய மணி நாலே முக்கால். பவர் பட்டனில் விரல் வைக்கப் போனவரை அம்மா தடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறுவரை ராகு காலம். கிராபிக்ஸ் கார்டின் அருமை பெருமைகளை எனக்கு ஒன்றரை மணி நேரம் சொன்னவர், இப்போது ஒன்றேகால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த இடைவெளியில் கண்ணாடிக் கதவுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கப்பட்டது. கதவின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டதால் குங்குமம் தாளின் மேல்தான். எங்கள் ஃபிரிட்ஜின் கைப்பிடியில் 2014-இல் ஒட்டி வந்த தாள் இன்னும் அப்படியே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆறு மணி ஒரு நிமிடம். பட்டனை அழுத்தினார். விசிறிகள் சுற்றின. சிவப்பு, பச்சை, ஊதா என்று பெட்டிக்குள் ஆடித் திருவிழா சீரியல் செட் ஓடியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அலங்காரம், விளக்கு, மேளம் எல்லாம் தயார். சாமி மட்டும் எழுந்தருளவில்லை. மானிட்டர் கறுப்பு.

பில்டு அண்ணனின் உண்மையான முகம் தெரிவது இங்கேதான். அவர் பேச்சை நிறுத்திவிடுவார். அணைத்தார். போட்டார். முப்பது எண்ணிவிட்டு மறுபடி அணைத்தார். "ஆன்ட்டி, ரப்பர் இருக்கா? பென்சில் ரப்பர்." ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஃபூ என்று ஊதி மாட்டினார். பழைய ராமில் ஏறிய அழுக்கை எடுக்க ஃபார்மட் அண்ணன்கள் கண்ட வைத்தியம் அது. நேற்று கவரைப் பிரித்த ராமுக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கும் அதிகாரம் டார்ச் பிடிப்பவருக்கு இல்லை.

விஷயம் இதுதான். டிடிஆர்5 ராமும் போர்டும் முதன்முதலாகச் சேரும்போது, எந்த வேகத்தில் ஒத்துப் போவது என்று தங்களுக்குள் சோதித்துப் பார்த்துக்கொள்ளும். மெமரி டிரெய்னிங் என்று பெயர். சில நிமிடம் திரை இருட்டாகத்தான் இருக்கும். பெண் பார்க்க வந்த இடத்தில் இருவரையும் மொட்டை மாடிக்குத் தனியாக அனுப்புகிற மாதிரி. இவர் முப்பது விநாடிக்கு ஒரு தரம் மாடிக்கு ஏறிப் போய், "பேசியாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் பேச்சு முதலிலிருந்து தொடங்கியது. பையன் போனில் தேடிப் படித்துவிட்டு இதைச் சொன்னபோது, "அதைத்தான் நானும் சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

சரி, ஓடட்டும் என்று விட்டுவிட்டு எல்லாரும் தோசைக்குப் போனார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. போன் சார்ஜரை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன். அண்ணன் தனியாகப் பெட்டியின் பின்பக்கம் குனிந்திருந்தார். கையில் மானிட்டர் கேபிள். அதுவரை அது மேலே, போர்டில் இருக்கிற ஓட்டையில் செருகியிருந்தது. எங்கள் பிராசஸரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிகிறது. எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அந்த ஓட்டையில் எத்தனை யுகம் செருகி வைத்தாலும் படம் வராது. இது அவரே எனக்கு முந்தைய நாள் சொல்லிக்கொடுத்த பாடம். கேபிளை எடுத்துக் கீழே கிராபிக்ஸ் கார்டில் செருகினார். திரை விழித்துக்கொண்டது. நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"டிரெய்னிங் முடிஞ்சிடுச்சு அங்கிள்" என்றார்.

"ஆமாம் தம்பி. நேரம் ஆகும்தானே" என்றேன்.

விண்டோஸ் போடுவது பெரிய கதையில்லை. சாவிக்கொத்துப் பென்டிரைவ் மூக்கிலிருந்து பைக் சாவி ஊசலாட, பதினைந்து நிமிடத்தில் முக்கால் கிணறு தாண்டியாயிற்று. கடைசியில் இன்டர்நெட் கேட்டது. வைஃபை டிரைவர் இருந்தால்தான் இன்டர்நெட். இன்டர்நெட் இருந்தால்தான் டிரைவர் இறக்கலாம். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கணக்கு. "அங்கிள், உங்க போனைக் கொடுங்க." மதியத்திலிருந்து டார்ச்சாக இருந்த என் போன் யுஎஸ்பி வயரில் மோடமாகப் பதவி உயர்வு பெற்றது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி என்ற என் ஒதுக்கீட்டை அப்டேட் வந்து ஒரே மடக்கில் குடித்தது. கீ இன்னும் வாங்காததால் திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக எழுத்து நின்றது, கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் நிற்கிற மாதிரி.

கேம் நூறு ஜிபிக்கு மேல். இறங்க மறுநாளாகும். அன்றிரவு ஓடியது ஒரு பெஞ்ச்மார்க் மட்டும்தான். கட்டம் கட்டமாக ஒரு படம் நிரம்பிக்கொண்டே வந்தது. "கோலம் போடுதா ராசா?" என்று கேட்டார் அம்மா. கடைசியில் ஒரு எண் வந்தது. தன் போனில் வேறு யாரோ போட்டிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து அண்ணன் கையை மேலே தூக்கினார். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று என் பையன்கூட அப்படித் தூக்கவில்லை. மேசையில் நாலு ஸ்க்ரூ மிஞ்சிக் கிடந்தது. "எல்லா பில்டுலயும் மிஞ்சும்" என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, விட்டுப்போன ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்க நான்காவது மாடிக்குப் போனேன். அவருடைய சொந்தப் பிசி ஒரு பக்கக் கதவில்லாமல், விசிறி நூலால் கட்டப்பட்டு, தூசியோடு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஸ்க்ரூ. "என்ன கேம் விளையாடுவீங்க தம்பி?" என்றேன். "டைம் எங்க அங்கிள்" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்து பையன் விளையாடுவதைப் பார்க்கும்போதும் அவர் கண் துப்பாக்கிமேலும் இருக்காது, கார்மேலும் இருக்காது. மூலையில் ஓடுகிற எஃப்.பி.எஸ். எண்மேல்தான். பத்தாம் நாள் வந்து, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இத்தனை நாள் 60-இல் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, செட்டிங்ஸில் ஒரு தட்டு தட்டி, எங்கள் வீட்டை இரண்டாம் முறை காப்பாற்றினார். 60-இல் விட்டுப்போனது யார் என்று யாரும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை ராத்திரி போன் வந்தது.

"அங்கிள், ரெண்டாவது மாடில ஒரு பில்டு. நாளைக்கு ஃப்ரீயா இருந்தா டார்ச் பிடிக்க வர்றீங்களா?"

"அவங்க வீட்லயே ஆள் இருப்பாங்களே தம்பி."

ஒரு விநாடி சத்தமில்லை.

"இருப்பாங்க அங்கிள். ஆனா நீங்கன்னா எனக்குப் பழக்கம்... வரும்போது அந்த ரப்பரையும் எடுத்துட்டு வந்துடுங்க."